ஏழு பேருக்கு ஒரு வண்டி: அடையாற்றுக் குடும்பங்களுக்கு எம்பிவியா, மூன்று வரிசை எஸ்யூவியா?

ஏழு பேர் உட்காரும் சொந்த வண்டி வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எம்பிவி. இன்னோவா, எர்டிகா, கேரன்ஸ், ட்ரைபர் ஆகியவை இந்த வகை. அமெரிக்கக் குடும்பங்கள் மினிவேன் என்று அழைக்கும் வண்டிக்கு இந்தியாவில் மிக நெருங்கிய உறவு இவைதான். மற்றொன்று மூன்று வரிசை எஸ்யூவி. சஃபாரி, எக்ஸ்யூவி 700, அல்கஸார், ஃபார்ச்சூனர் ஆகியவை இதில் அடங்கும். இரண்டிலும் இருக்கைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. விலையும் பல மாடல்களில் அடுத்தடுத்து நிற்கிறது. ஆனால் வண்டியின் நீளத்தையும் உயரத்தையும் யாருக்காகச் செலவிடுவது என்பதில் இரண்டும் பிரிகின்றன. எம்பிவியை வரைபவர் உள்ளே உட்காரப்போகிறவர்களிலிருந்து தொடங்குகிறார்: தாழ்ந்த தளம், குட்டையான முகப்பு, பெரிய கதவு, அகன்ற கண்ணாடி. எஸ்யூவியை வரைபவர் சாலையிலிருந்து தொடங்குகிறார்: உயர்ந்த உடல், நீண்ட முகப்பு, பெரிய சக்கரம், வலுவான எஞ்சின். அதன் பிறகு மிஞ்சும் இடமே மூன்றாம் வரிசைக்குக் கிடைக்கிறது.

இந்தத் தேர்வு எங்கே வாழ்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். சென்னை அடையாறு இதற்கு ஒரு நல்ல களம். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தால் உருவான காந்தி நகர், அதையடுத்த கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் ஆகிய இடங்களில் போர்டிகோ வைத்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, கீழே வண்டி நிறுத்தும் தளமும் மேலே நான்கைந்து மாடிகளும் கொண்ட குடியிருப்புகளாகிவிட்டன. ஒரே கட்டடத்தில், சில சமயம் ஒரே வீட்டில், மூன்று தலைமுறைகள் இருக்கின்றன. முழங்கால் வலியுள்ள பாட்டி, பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள், ஆண்டுக்கொருமுறை வெளிநாட்டிலிருந்து வரும் மகன் அல்லது மகள் குடும்பம் எல்லாரும் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எது நல்ல வண்டி என்பதை இங்கே முடிவு செய்ய வேண்டியது இவர்களே. முகப்பின் கம்பீரம் அல்ல.

வேனிலிருந்து இன்னோவா வரை

குடும்பத்துக்கான வேன் என்ற எண்ணத்துக்கு உலக அளவில் உருவம் கொடுத்தவை இரண்டு. கிரைஸ்லர் நிறுவனம் 1983 இறுதியில் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் என்ற மினிவேன்களைக் கொண்டுவந்தது. 1984-இல் பிரான்சில் ரெனோ எஸ்பாஸ் வந்தது. காரைப் போல் ஓட்டலாம், வேனைப் போல் ஏற்றலாம் என்பதே அவற்றின் வாக்குறுதி. அதே 1984-இல் இந்தியாவில் மாருதி வேன் விற்பனைக்கு வந்தது. பின்னாளில் ஆம்னி என்று பெயர் பெற்று 2019 வரை தயாரான அந்த வண்டிக்கு 796 சிசி எஞ்சினும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகளும் இருந்தன. வாகனத்தின் மொத்த நீளத்தையும் ஆட்களுக்கே கொடுத்தது அது. அதன் விலையாக, மோதலைத் தாங்க முன்னால் எதுவுமே இல்லாமல் போயிற்று.

பெரிய குடும்பங்களின் தேவையை அடுத்து நிரப்பியவை லாரி போன்ற சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டிகள். 1994-இல் டாடா சுமோ, 2000-இல் டொயோட்டா குவாலிஸ், 2005-இல் அதற்கு மாற்றாக இன்னோவா வந்தன. இன்னோவாவின் பெரும் வெற்றியில் ஒரு நுட்பம் இருக்கிறது. தோற்றத்தில் அது எம்பிவி. கட்டமைப்பிலோ தனிச் சட்டகமும் பின்சக்கர இயக்கமும் கொண்டு எஸ்யூவிக்கு நெருங்கியது. உள்ளே சொகுசு, அடியில் லாரியின் உழைப்பு என்ற இந்தக் கலவையே டிராவல்ஸ்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் ஒரே வண்டிக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டு ஓடிய இன்னோவாவுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை. 2012-இல் வந்த எர்டிகா அதே வேலையைக் காரின் கட்டமைப்பில், குறைந்த எடையில், குறைந்த செலவில் செய்து காட்டியது.

சென்னையைச் சுற்றிய தொழிற்சாலைகள் இந்த வரலாற்றில் அழுத்தமான பங்கு வகித்தன. ஒரகடத்தில் தயாரான நிசான் எவாலியா 2012-இல் வந்தது. அசோக் லேலண்டின் ஸ்டைல் அதே வண்டியின் இன்னொரு வடிவமாக 2013-இல் வந்தது. தள்ளித் திறக்கும் கதவு, தாழ்ந்த தளம், 4.4 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வரிசை என்று மினிவேனின் இலக்கணத்துக்கு மிக அருகில் நின்ற வண்டிகள் அவை. இரண்டுமே விற்பனையில் தோற்று 2015-இல் நின்றன. 2015-இல் அதே ஒரகடத்திலிருந்து வந்த ரெனோ லாஜி 2020-இல் நின்றது. 2018-இல் வந்த மஹிந்திரா மராஸ்ஸோவும் நிலைக்கவில்லை. இதற்கு நேர்மாறாக, மஹிந்திராவின் எக்ஸ்யூவி 500 2011-இலும் எக்ஸ்யூவி 700 2021-இலும் பெரும் வரவேற்பைப் பெற்றன. செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவானது எக்ஸ்யூவி 700. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் அல்கஸாரும், பெயர் மீண்டுவந்த டாடா சஃபாரியும் அதே 2021-இல் வந்தன. வேன் போல் தோன்றுவதை வாங்குபவர் விரும்பவில்லை என்று நிறுவனங்கள் முடிவுகட்டின. 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் கட்டமைப்பில் முன்சக்கர இயக்கம் கொண்ட காராக மாறியது. முகத்தில் எஸ்யூவியின் சாயலைப் பூசிக்கொண்டது. ஆகவே வகைப்பெயரை நம்பி வாங்குவது இன்று பயனற்றது. அளவுகளையும் அமைப்பையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதே வழி.

மூன்றாம் வரிசை

ஏழு சீட்டு வண்டியின் உண்மையான தேர்வு மூன்றாம் வரிசையில்தான் நடக்கிறது. அங்கே உட்காருபவரின் வசதியைத் தீர்மானிப்பவை மூன்று: இருக்கைக்கும் தளத்துக்கும் உள்ள உயரம், முழங்காலுக்கு முன்னுள்ள இடம், தலைக்கு மேலுள்ள இடம். இவற்றில் முதலாவதையே வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். தளம் உயர்ந்து இருக்கை தாழ்ந்திருந்தால் தொடை இருக்கையில் படியாது. முழங்கால் மார்புக்கு ஏறிவிடும். அரை மணி நேரம் தெரியாது. திருச்சி வரை போனால் இடுப்பு சொல்லும்.

தனிச் சட்டகம் கொண்ட ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் சட்டகமும் பின் அச்சும் தளத்துக்கு அடியில் ஓடுவதால் மூன்றாம் வரிசைத் தளம் உயர்ந்துவிடுகிறது. ஹைகிராஸில் பின்சக்கரங்களுக்கு இயக்கத் தண்டு போவதில்லை என்பதால் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. சக்கரங்களுக்கிடையிலான நீளமும் 2,850 மி.மீ. இதே அளவு எக்ஸ்யூவி 700-இல் 2,750, சஃபாரியில் 2,741, எர்டிகாவில் 2,740. எர்டிகாவின் மொத்த நீளம் ஏறத்தாழ 4.4 மீட்டர் மட்டுமே. அதைவிட ஏறத்தாழ கால் மீட்டர் நீண்ட சஃபாரியின் சக்கர இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நீளம் முழுவதும் ஆட்களுக்குப் போய்ச்சேர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. கதவுக் கண்ணாடி பின்னால் போகப் போகக் குறுகும் எஸ்யூவியில், வெளியே பார்க்க முடியாத குழந்தைகளுக்குக் குமட்டலும் எளிதில் வரும்.

பின்வரிசைக்குச் செல்லும் வழியும் அவ்வளவு முக்கியம். பெரும்பாலான வண்டிகளில் இரண்டாம் வரிசை இருக்கையை மடக்கித் தள்ளினால்தான் பின்னால் போக முடியும். அந்த இருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டியிருந்தால் மடக்க இயலாது, வழி அடைபடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது தினமும் வரும் சிக்கல். இரண்டு தனி இருக்கைகளும் நடுவில் வழியும் உள்ள ஆறு சீட்டு அமைப்பு இதைத் தீர்க்கிறது. பெஞ்சு இருக்கைதான் வேண்டுமென்றால், நடைபாதைப் பக்கமான இடதுபுறத்தை மடக்குவதற்கு விட்டுவிட்டுக் குழந்தை இருக்கையை வலதுபுறம் பூட்டுவது வழக்கம்.

சென்னையின் மே மாத வெயிலில் மூன்றாம் வரிசைக்குத் தனி ஏசி காற்று வருகிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டியது. இரண்டாம் வரிசைக்கு மேல் கூரையிலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும் அமைப்பும், மூன்றாம் வரிசைக்கே தனித் துவாரங்கள் கொண்ட அமைப்பும் ஒன்றல்ல. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டியில், பகல் இரண்டு மணிக்கு, பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

ஏறுவதும் இறங்குவதும்

மூத்தவர்களுக்கு உகந்த இருக்கை என்பது நின்றபடியே சற்றுப் பின்னால் சாய்ந்து உட்காரக்கூடியது. தாழ்ந்த செடான் காரில் அவர்கள் உள்ளே விழ வேண்டியிருக்கிறது. உயர்ந்த எஸ்யூவியில் கைப்பிடியைப் பற்றி ஏற வேண்டியிருக்கிறது. புடவை கட்டியவருக்கும் வேட்டி கட்டியவருக்கும் ஒரு காலை உயரத் தூக்கிவைப்பது முழங்கால் வலியைவிடப் பெரிய தடை. எம்பிவியின் இருக்கை உயரம் இந்த இரண்டுக்கும் நடுவே வருவதுதான் அதன் மிகப் பெரிய பலம். ஃபார்ச்சூனரில் பக்கப்படி கைகொடுக்கும். ஆனாலும் படியில் ஏறி, குனிந்து, உடலைத் திருப்பி உட்காருவது மூன்று செயல்கள்; இன்னோவாவில் அது ஒன்றே. கீழே இறங்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் கால் தரையைத் தேடுகிறது.

இதய நோயாளி, மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்தவர், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் உள்ள வீடுகளில் இந்த ஓர் அம்சமே முடிவைத் தீர்மானிக்கலாம். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கும் பிற மருத்துவமனைகளுக்கும் மாதந்தோறும் சென்றுவரும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு வண்டியின் வேகத்தைவிட வாசலின் உயரம் முக்கியம்.

பெட்டிகள்

மூன்று வரிசையும் நிரம்பியபோது டிக்கியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை. இன்னோவா ஹைகிராஸில் ஏறத்தாழ 300 லிட்டர், கேரன்ஸில் 216, எர்டிகாவில் 209, அல்கஸாரில் 180, 2021-இல் வந்த சஃபாரியில் 73, ட்ரைபரில் 84. வெளிநாட்டு விமானப் பயணத்தில் 23 கிலோ ஏற்றும் பெரிய பெட்டி ஒன்று ஏறத்தாழ 100 லிட்டர் இடத்தை அடைக்கும். அமெரிக்காவிலிருந்து நான்கு பேர் வந்திறங்கினால் ஆளுக்கு இரண்டு வீதம் எட்டுப் பெட்டிகள் வரும். அவர்களை அழைத்துவர மீனம்பாக்கம் விமான நிலையம் போகும் எந்த ஏழு சீட்டு வண்டியும், மூன்றாம் வரிசையை மடக்காமல் அத்தனையையும் ஏற்றாது. மடக்கினால் ஓட்டுநர் தவிர நான்கு பேருக்கே இடம். அழைக்கப் போன தாத்தா இன்னொரு வண்டியில்தான் திரும்ப வேண்டும். இது எம்பிவிக்கும் எஸ்யூவிக்கும் பொது. ஆனால் ஆறு பேரும் நான்கு சிறு பைகளுமாகக் கும்பகோணம் கோயில் யாத்திரை புறப்படும்போது 300 லிட்டருக்கும் 73 லிட்டருக்கும் உள்ள தூரம் பெரியது. கூரையில் கேரியர் வைத்தால் மைலேஜ் குறையும். உயரத்தடை வைத்த நிறுத்துமிடங்களில் நுழையவும் முடியாது.

ட்ரைபரின் மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். அப்போது 625 லிட்டர் இடம் கிடைக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் இந்தச் சிறு வண்டி, எப்போதாவது மட்டும் ஏழு பேரை ஏற்றும் குடும்பத்துக்கு நல்ல தீர்வு. 999 சிசி எஞ்சின் ஏழு பேரோடு மலையேறும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

தெருவும் நிறுத்துமிடமும்

தமிழ்நாட்டின் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் நிறுத்துமிடமாகக் கேட்கின்றன. இந்தச் செவ்வகத்துக்குள் வண்டியை வைத்துப் பார்த்தால் காகிதத்தில் தெரியாதது தெரிகிறது. எர்டிகாவின் அகலம் 1,735 மி.மீ.; நடுவில் நிறுத்தினால் இருபுறமும் 38 செ.மீ. மிஞ்சும். 1,890 மி.மீ. அகலமுள்ள எக்ஸ்யூவி 700-க்கு 30 செ.மீ.; 1,922 மி.மீ. அகலமுள்ள சஃபாரிக்கு 29 செ.மீ. ஒரு பக்கம் தூணும் மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியும் இருந்தால், 29 செ.மீ. திறப்பில் வயிறு உள்ளே போகாது. பெரும்பாலான வீடுகளில் வண்டியை வெளியே எடுத்த பிறகே வீட்டாரை ஏற்றுகிறார்கள். மழை நாளில் அது பாட்டியைத் தெருவில் நனைய வைக்கிறது.

தள்ளித் திறக்கும் கதவு இந்த இடத்தில்தான் தன் அருமையைக் காட்டும். அது சில அங்குலம் மட்டும் வெளியே வந்து பின்னால் நகர்கிறது. ஆனால் இன்று அந்தக் கதவுள்ள பெரிய குடும்ப வண்டியான கியா கார்னிவலின் நீளம் 5,155 மி.மீ.; விதி வகுத்த 5 மீட்டர் கட்டத்தையே தாண்டி நிற்கும். அகலமும் 1,995 மி.மீ. ஆக, அமெரிக்க மாதிரியில் முழு மினிவேன் ஒன்றை அடையாற்றுக் குடியிருப்பில் வைத்துக்கொள்வது தனி வீடும் அகன்ற வாசலும் உள்ளவர்களுக்கே எளிது. எவாலியாவும் ஸ்டைலும் மறைந்ததோடு, சிறிய உடலில் தள்ளும் கதவு என்ற நல்ல சேர்க்கையை இந்தியச் சந்தை பெருமளவு இழந்துவிட்டது.

தெருக்களிலும் அகலம் பேசும். அடையாற்றின் எல்.பி. ரோட்டுக்கு அடியில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடத்துக்கான பணி நடந்த ஆண்டுகளில் போக்குவரத்து உட்தெருக்களுக்குள் திருப்பிவிடப்பட்டது. இருபுறமும் வண்டி நின்று, நடுவே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய தெருவில் எதிரே தண்ணீர் லாரி வந்தால் பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கும். எர்டிகாவின் திரும்பும் ஆரம் 5.2 மீட்டர், ஃபார்ச்சூனருக்கு 5.8 மீட்டர். ஒரே மூச்சில் திரும்புவதற்கும் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவதற்கும் இடையிலான தூரம் இந்த 60 செ.மீ.தான்.

மழையும் வெள்ளமும்

எஸ்யூவி வாங்கும் சென்னைவாசிகளில் பலர் சொல்லும் காரணம் மழை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்ததையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன.

ஆனால் எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன. தரை இடைவெளி எர்டிகாவில் 180 மி.மீ. அளவு, ஹைகிராஸில் 185, கேரன்ஸில் 195, அல்கஸாரிலும் எக்ஸ்யூவி 700-இலும் 200, சஃபாரியில் 205. எம்பிவிக்கும் காரின் கட்டமைப்பிலான எஸ்யூவிக்கும் இடையே இருப்பது இரண்டு விரல் அகலம்தான். ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் 500 கிலோ கூடும். பின்புறம் தாழ்ந்து இந்த இடைவெளியும் சுருங்கும். வெள்ளத்தில் எஞ்சினைக் கொல்வது தரை இடைவெளி அல்ல; எஞ்சின் காற்றை இழுக்கும் வாயின் உயரம். அந்த வாய்க்குள் தண்ணீர் போய், நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போதுதான் எஞ்சினின் உள்பாகங்கள் வளைகின்றன. காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு சேர்ப்பதும், கீழ்த்தளத்தில் நின்ற வண்டியை மழைக்கு முன்பே மேட்டுக்கு எடுப்பதும், எந்த வகை வண்டி வைத்திருந்தாலும் செய்ய வேண்டியவை. முழங்காலளவு நீரில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமுள்ள மருத்துவர் போன்றோருக்குத் தனிச் சட்டக எஸ்யூவி மெய்யாகவே உதவும். மற்றவர்களுக்கு அது மன ஆறுதல்.

எஸ்யூவியின் உயரம் பயன்படும் இடம் வேறு. குலதெய்வம் கோயிலுக்குப் போகும் மண்பாதை, பெயர்ந்த கிராமச் சாலை, வண்டிக்கு அடியில் தட்டும் ஒழுங்கற்ற வேகத்தடைகள் ஆகியவற்றில் இரண்டு விரலும் பெரிய சக்கரமும் கணக்கில் வரும். ஆண்டில் பல முறை அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறவர் அதை நிறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையும் மலைப்பாதையும்

ஏழு பேரோடு நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது எஞ்சினின் இழுவை பாதுகாப்பாகவும் ஆகிறது. எர்டிகாவின் 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் நகரில் போதும். முழுச் சுமையில் முந்துவதற்குக் கியரைக் குறைத்து, இடம் பார்த்து, பொறுமையாக எடுக்க வேண்டும். 2 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள டீசல் எஸ்யூவிகள் இதில் தெளிவாக முன்னே நிற்கின்றன. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டிலும், 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலும் ஓட்டுபவருக்கு அந்த இழுவை நிம்மதி. பின்னால் உட்காருபவருக்கோ உயரம் குறைந்த உடலே நிம்மதி, ஏனென்றால் உயர்ந்த வண்டி வளைவில் அதிகம் சாய்கிறது. ஹைகிராஸின் ஹைபிரிட் அமைப்பில் மின்மோட்டாரும் சேர்ந்து உந்துவதால் இந்த இடைவெளி பெருமளவு சுருங்குகிறது.

வெளியூருக்கு ஆக்டிங் டிரைவரை அழைத்துச் செல்லும் வழக்கமுள்ள வீடுகளில் வண்டியின் உரிமையாளர் உட்காருவது இரண்டாம் வரிசையில். அவர் சோதித்துப் பார்க்க வேண்டியது ஸ்டியரிங் அல்ல, அந்த இருக்கைதான்.

பாதுகாப்பு

பாதுகாப்பைப் பொறுத்தவரை வகையை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. மாடலை வைத்தே சொல்ல முடியும். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி 700 2021-இலும் சஃபாரி 2023-இலும் பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. மராஸ்ஸோ 2018-இல் நான்கு, கேரன்ஸ் 2022-இல் மூன்று. எர்டிகா 2024-இல் பெற்றது ஒன்றே ஒன்று. 2023 அக்டோபரில் தொடங்கிய இந்தியாவின் பாரத் என்கேப் திட்டத்தில் இன்னோவா ஹைகிராஸ் 2025-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. எம்பிவியாக இருப்பதால் பலவீனம் வரவில்லை என்பதை ஹைகிராஸும், குறைந்த எடைக்கும் விலைக்கும் ஒரு விலை உண்டு என்பதை எர்டிகாவும் காட்டுகின்றன.

இந்த நட்சத்திரங்களுக்கு ஓர் எல்லை உண்டு. சோதனைப் பொம்மைகள் முன் இருக்கைகளிலும் இரண்டாம் வரிசைக் குழந்தை இருக்கைகளிலும் வைக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசையைப் பற்றி நட்சத்திரம் எதுவும் சொல்வதில்லை. பின்னாலிருந்து லாரி மோதினால் அங்கே உட்காருபவரின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையிலுள்ள வெளியே முதல் காப்பு. டிக்கி இடம் அதிகமுள்ள வண்டியில் அந்த வெளியும் அதிகம். எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட், தலைதாங்கி, மூன்றாம் வரிசைவரை நீளும் திரைக் காற்றுப்பை ஆகியவை உள்ளனவா என்று கேட்டு வாங்குவது கட்டாயம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பெல்ட் அணியாத, அணியாதவரை ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பாகப் பூட்டாத ஓட்டுநருக்கும் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஏழு சீட்டில் ஒன்பது பேரை ஏற்றுவது பழகிப்போன ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வண்டிக்கு வெளியே இருப்பவரின் உயிரும் இந்தத் தேர்வில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேலுள்ள வண்டிகளுக்கு, 76 செ.மீ. அல்லது அதற்கும் குறைந்த, சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட நடந்து செல்பவரைக் கொல்லும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். காலில் படும் மோதலும் மார்பிலும் தலையிலும் படும் மோதலும் ஒன்றல்ல. உயர்ந்த முகப்புக்கு முன்னால் நிற்கும் சிறு குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கே படாமல் போகலாம். நடைபாதை இல்லாத உட்தெருக்களில், பள்ளி விடும் நேரத்தில், எம்பிவியின் தாழ்ந்த, சரிந்த முகப்பு ஊருக்கும் நன்மை செய்கிறது.

வரியும் செலவும்

வரி அமைப்பு ஒரு காலத்தில் எம்பிவிக்குச் சாதகமாக இருந்தது. 2023 ஜூலையில் கூடிய 50-ஆவது ஜிஎஸ்டி மன்றம் அந்த வேறுபாட்டை நீக்கியது. எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், 4 மீட்டருக்கு மேல் நீளமும் 1,500 சிசிக்கு மேல் எஞ்சினும் சுமையில்லாதபோது 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் தரை இடைவெளியும் இருந்தால் 22 விழுக்காடு கூடுதல் வரி என்று அது முடிவு செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கூடுதல் வரி ஒழிக்கப்பட்டு, பெட்ரோல், டீசல் கார்களுக்கு இரண்டே விகிதங்கள் வந்தன. 4 மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் வண்டிக்கு 18 விழுக்காடு, பெரியவற்றுக்கு 40. ட்ரைபர் முதல் தட்டில், எர்டிகா முதல் ஃபார்ச்சூனர் வரை இரண்டாம் தட்டில். முன்பு 50 விழுக்காடு வரை செலுத்திய பெரிய எஸ்யூவிகளுக்கே இதில் அதிக ஆதாயம்.

தமிழ்நாட்டின் ஆயுள்கால சாலை வரி 2023 நவம்பரில் உயர்ந்தது. வண்டியின் விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 13 விழுக்காடு, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதனால் 20 லட்சம் என்ற எல்லைக்கோடு முக்கியமாகிறது. 19.9 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி சுமார் 3.58 லட்சம், 20.1 லட்சம் என்றால் சுமார் 4.02 லட்சம். விலையில் 20,000 ரூபாய் கூடினால் வரியில் 44,000 கூடும்.

எரிபொருளில் நிறுவனங்கள் அறிவித்த அளவுகளே ஒப்பிடப் போதும். ஹைகிராஸ் ஹைபிரிட் லிட்டருக்கு 23.24 கி.மீ., எர்டிகா மேனுவல் 20.51, சஃபாரி டீசல் ஆட்டோமேட்டிக் 14.5. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் முறையே ஏறத்தாழ 516, 585, 828 லிட்டர். மத்திய கைலாஷ் சிக்னலில் நின்று நகரும் போக்குவரத்தில் எந்த வண்டியும் இந்த அளவைத் தொடாது. ஆனால் நிற்கும்போது எஞ்சினை அணைத்து மோட்டாரில் நகரும் ஹைபிரிட், அந்தச் சூழலில் மற்றவற்றைவிடக் குறைவாக இழக்கும். டீசல் வாங்குபவர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்தபின், டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் மார்க்கெட்டுக்குமாக மூன்று கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் வடிகட்டி அடைபட்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஓட்டாதவர்களுக்கு டீசல் ஏற்றதல்ல. 2025 ஜூலையில் வந்த கேரன்ஸ் கிளாவிஸ் மின்வண்டி போன்றவை நகர ஓட்டத்துக்கு மிகப் பொருந்தும். ஆனால் நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்கக் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலை முதலில் பெற்றுவிட வேண்டும்.

எந்தக் குடும்பத்துக்கு எது

ஆண்டில் எத்தனை நாள் ஐந்து பேருக்கு மேல் பயணம் செய்கிறார்கள் என்று குடும்பம் உட்கார்ந்து எண்ண வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் உட்காருவார்கள் என்றால் எம்பிவிதான் சரி. செலவுக்கு இடமிருந்தால் ஹைகிராஸ். நடுத்தர விலையில் கேரன்ஸ். குறைந்த செலவே முதன்மை என்றால், பாதுகாப்பு மதிப்பீட்டைத் தெரிந்துகொண்டு எர்டிகா. டிராவல்ஸ் வண்டி போல் தெரிகிறதே என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. வாடகைக்கு ஓட்டுபவர்கள் அதே வண்டியைத் திரும்பத் திரும்ப வாங்குவது, அது ஆட்களையும் பெட்டிகளையும் குறைந்த செலவில் நெடுநாள் சுமக்கும் என்பதற்கான சான்று.

வழக்கமாக நான்கைந்து பேர் மட்டுமே போகும், மூன்றாம் வரிசையைக் குழந்தைகள் எப்போதாவது பயன்படுத்தும், நெடுஞ்சாலையிலும் கிராமச் சாலையிலும் அதிகம் ஓடும் குடும்பத்துக்கு எக்ஸ்யூவி 700, சஃபாரி, அல்கஸார் வகை பொருந்தும். மூன்றாம் வரிசையை மடக்கியே வைத்து, பெரிய டிக்கியுள்ள ஐந்து சீட்டு வண்டியாக அவற்றைக் கருதுவதே நேர்மையான கணக்கு. ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் ஏழு பேர் சேர்வார்கள் என்றால், ஐந்து சீட்டுக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அந்த நாள்களில் இன்னோவாவை வாடகைக்கு எடுப்பது இரண்டையும்விட மலிவு.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. வீட்டில் வயது முதிர்ந்தவரை ஷோரூமுக்கு அழைத்துப் போய் இரண்டாம் வரிசையில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்ல வேண்டும். உயரமானவர் ஒருவர் மூன்றாம் வரிசையில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து வர வேண்டும். வீட்டிலுள்ள பெரிய பெட்டியை எடுத்துச் சென்று, எல்லா இருக்கையும் நிமிர்ந்திருக்கும் நிலையில் டிக்கியை மூடிப் பார்க்க வேண்டும். சொந்த நிறுத்துமிடத்தைத் தூணுக்குத் தூண் டேப்பால் அளந்து, வண்டியின் அகலத்தைக் கழித்து, மிஞ்சுவதில் கதவு திறக்குமா என்று பார்க்க வேண்டும். சோதனை ஓட்டத்தை அகன்ற சாலையோடு முடிக்காமல், தினமும் போகும் தெருவின் குறுகிய திருப்பத்திலும் ஒருமுறை செய்ய வேண்டும். இந்த ஐந்திலும் தேறும் வண்டி எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் அந்தக் குடும்பத்துக்கு உரியது.